ஒரு பல் தவறினால் என்ஜின் போச்சு!

புதுக்கோட்டைச் சீமை, கண்மாய்களுக்குப் பேர் போனது. காவிரி அந்த மண்ணைத் தொடாமல் வடக்கே போய்விட்டது. மழை பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆகவே அந்தக் காலத்து மக்கள் ஊருக்கு ஊர் கரை போட்டுத் தண்ணீரைத் தேக்கினார்கள். புதுக்கோட்டை நகரத்தை ஒட்டியே கவிநாடு கண்மாய் கடல்போலப் பரந்து கிடக்கிறது.

இந்தக் கண்மாய்களில் தண்ணீருக்கு நடுவே இரண்டு கல் தூண்கள் நிமிர்ந்து நிற்பதைப் பார்க்கலாம். தூண்களுக்குக் குறுக்கே பலகைக் கற்கள். அந்தக் கற்களில் துளை. இதற்குக் குமிழித் தூம்பு என்று பெயர். கீழே, கண்மாயின் தரையில், கல்தொட்டி ஒன்று இருக்கும். தொட்டியில் ஓர் ஓட்டை. ஓட்டையை ஓர் அடைப்பான் மூடியிருக்கும். அடைப்பானோடு இணைந்த கம்பு, குறுக்குக் கற்களின் துளை வழியாக மேலே வரும். கம்பைத் தூக்கினால் ஓட்டை திறக்கும்; தண்ணீர் வாய்க்காலுக்கு ஓடும். கம்பை இறக்கினால் மூடிக்கொள்ளும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய இந்தக் கல் அமைப்பை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் கார் என்ஜினுக்குள் இருக்கும் வால்வு இதே போன்றதுதான். வட்டமான அடைப்பான், அதன் மேல் ஒரு கம்பு, கம்பு ஏறி இறங்க ஒரு துளை. அங்கே தண்ணீர் போகிறது. இங்கே காற்றும் பெட்ரோல் ஆவியும் போகின்றன. அவ்வளவுதான் வித்தியாசம்!

இன்னொரு வித்தியாசமும் உண்டு. கண்மாயில் மடை திறப்பவர், நாளைக்கு ஒரு தடவை தண்ணீரில் இறங்கிக் கம்பைத் தூக்குவார். வேகமாக ஓடும் கார் என்ஜினில் ஒவ்வொரு வால்வும் ஒரு வினாடிக்கு 50 தடவை திறந்து மூட வேண்டும்! அத்தனை தடவையும், மயிரிழை பிசகாமல், அதே நேரத்தில் திறக்க வேண்டும்.

இந்த மடைக்காரர் வேலையைச் செய்வதுதான் 'கேம் ஷாப்ட்'.

மேடு போட்ட தண்டு

கேம் ஷாப்ட் என்பது ஓர் இரும்புத் தண்டு. அதன் மேல் முட்டையைப் போல ஒரு பக்கம் புடைத்த மேடுகள் வரிசையாக இருக்கும். ஒரு வால்வுக்கு ஒரு மேடு. தண்டு சுற்றும்போது மேடு வந்து வால்வை நெட்டித் திறக்கும். மேடு நகர்ந்ததும் ஸ்பிரிங் வால்வை இழுத்து மூடிவிடும்.

பெட்ரோல் என்ஜின் நான்கு வேலைகளைச் செய்கிறது. உறிஞ்சுகிறது, அமுக்குகிறது, வெடிக்கிறது, கக்குகிறது. ஜெர்மனியில் நிக்கோலஸ் ஆட்டோ 1876-ல் இதை நடத்திக் காட்டினார். இன்றைக்கும் அதே நான்கு வேலைதான். இந்த நான்கையும் முடிக்க, பிஸ்டனோடு இணைந்த பெரிய தண்டு (கிராங்க் ஷாப்ட்) இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். அதற்குள் ஒவ்வொரு வால்வும் ஒரே ஒரு தடவை திறந்தால் போதும். ஆகவே கேம் ஷாப்ட் பாதி வேகத்தில் சுற்றுகிறது. பெரிய தண்டில் சின்னப் பல்சக்கரம். கேம் ஷாப்டில் அதைப் போல இரண்டு மடங்கு பற்கள் உள்ள சக்கரம். இரண்டையும் ஒரு சங்கிலி பிணைக்கிறது. சைக்கிள் செயின் போலத்தான்.

என்ஜினை முழுவதும் பிரித்துப் புதுப்பிக்கும்போது இந்தச் சங்கிலியையும் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது எந்தப் பல்லுக்கு எந்தப் பல் என்பது பிசகக் கூடாது. இதற்குத்தான் பட்டறையில் 'டைமிங் வைப்பது' என்று பெயர்.

தொடக்க காலத்து என்ஜின்களில் காற்றை உள்ளே விடும் வால்வுக்கு மேடும் கிடையாது, ஒன்றும் கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது உண்டாகும் உறிஞ்சலே வால்வைத் திறந்துகொள்ளும். மெதுவாகச் சுற்றும் என்ஜினுக்கு அது போதுமானதாக இருந்தது. வேகம் கூடக் கூட, வால்வு திணறியது. அப்புறம்தான் அதற்கும் மேடு வைத்தார்கள். 1912-ல் பிரான்சின் பெரிய பந்தயத்தில் வென்ற பியூஜோ கார், தலைக்கு மேலே இரண்டு கேம் ஷாப்டுகளை வைத்துக்கொண்டு வந்து எல்லோரையும் திகைக்க வைத்தது.

அம்பாசடரும் பந்தயக் காரும்

இப்போது ஒரு வேடிக்கையைக் கேளுங்கள்.

வெள்ளை அம்பாசடர் காரை அறியாதவர் தமிழ்நாட்டில் இல்லை. 2014-ல் உற்பத்தி நின்றுபோகும் வரை அது கல்யாணத்துக்கும் ஓடியது, கலெக்டருக்கும் ஓடியது, புதுக்கோட்டை வாடகைக் கார் நிலையத்திலும் நின்றது. அந்தக் காரில் பல ஆண்டுகள் இருந்தது 1,489 சி.சி. பெட்ரோல் என்ஜின். இங்கிலாந்திலிருந்து வந்த வடிவம் அது.

அதே இங்கிலாந்தில் 1955-ல் 'எம்.ஜி.ஏ.' என்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. இரண்டு பேர்தான் உட்காரலாம். தரையோடு தரையாகப் பாயும். 1962 வரை ஒரு லட்சத்துக்கும் மேலான கார்கள் செய்து விற்றார்கள். முதலில் வந்த எம்.ஜி.ஏ. காரில் இருந்த என்ஜின் எது தெரியுமா? அதே குடும்பத்தைச் சேர்ந்த, அதே 1,489 சி.சி. என்ஜின்!

அம்பாசடருக்கு மூலமான மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரில் அந்த என்ஜின் 55 குதிரைச் சக்தி கொடுத்தது. எம்.ஜி.ஏ. காரில் முதலில் 68, பிறகு 72. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஒருவர் குடும்பஸ்தர், இன்னொருவர் பந்தய வீரர்! இரண்டு கார்ப்பரேட்டர் வைத்தது ஒரு காரணம். அமுக்கத்தைக் கூட்டியது ஒரு காரணம். கேம் ஷாப்டை மாற்றியது முக்கியமான காரணம்.

எப்படி மாற்றினார்கள்? கணக்கைப் பாருங்கள். பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தை மேல்முனை என்போம். அடியில் நிற்கும் இடம் கீழ்முனை. ஒரு முழுச் சுற்று 360 டிகிரி.

குடும்பக் காரில் காற்றை உள்ளே விடும் வால்வு, மேல்முனைக்கு 5 டிகிரி முன்னால் திறக்கிறது. கீழ்முனையைத் தாண்டி 45 டிகிரியில் மூடுகிறது. ஆக மொத்தம் 230 டிகிரி திறந்திருக்கிறது. எம்.ஜி.ஏ. காரில் அது 16 டிகிரி முன்னாலேயே திறந்துவிடுகிறது. 56 டிகிரி தாண்டித்தான் மூடுகிறது. மொத்தம் 252 டிகிரி. புகையை வெளியே விடும் வால்வுக்கும் அப்படியே. குடும்பக் காரில் 230. ஸ்போர்ட்ஸ் காரில் 252.

கீழ்முனையைத் தாண்டிப் பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் ஏன் வால்வைத் திறந்து வைக்க வேண்டும்? உள்ளே வந்த காற்று திரும்பி ஓடிவிடாதா?

இதற்கு வாய்க்காலில் பதில் இருக்கிறது. வேகமாக ஓடும் வாய்க்காலுக்குக் குறுக்கே திடீரென்று மண்வெட்டியால் ஒரு வரப்பு போட்டுப் பாருங்கள். தண்ணீர் உடனே நிற்காது. முட்டி மோதி, வரப்பின் மேல் ஏறும். ஓடுகிற தண்ணீருக்கு உந்து வேகம் இருக்கிறது. காற்றுக்கும் அப்படித்தான். என்ஜின் வேகமாகச் சுற்றும்போது குழாயில் பாய்ந்து வரும் காற்று, பிஸ்டன் திரும்பிய பிறகும் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். அந்தக் கடைசி வாய்க் காற்றையும் பிடித்து அடைப்பதுதான் ஸ்போர்ட்ஸ் காரின் ரகசியம்.

ஆனால் மெதுவாகப் போகும்போது இந்த உந்து வேகம் இருக்காது. அப்போது உள்ளே வந்த காற்று திரும்பி ஓடத்தான் செய்யும். ஆகவேதான் பந்தய கேம் ஷாப்ட் போட்ட கார், சிக்னலில் நிற்கும்போது குலுங்கும், தடதடக்கும், சில சமயம் நின்றே போகும். பெட்ரோலையும் குடிக்கும். கடைத் தெருவுக்குக் காய்கறி வாங்கப் போகிறவருக்கு அந்த கேம் ஷாப்ட் உதவாது. பையன் ஆசைப்பட்டான் என்பதற்காக வீட்டுக் காரில் பந்தய கேம் ஷாப்ட் மாட்டும் பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும்!

ஓடுதளத்தில் ஒரு பந்தயம்

தமிழ்நாட்டில் கார் பந்தயம் வளர்ந்த இடம் சோழவரம். சென்னைக்கு வடக்கே உள்ள ஊர். இரண்டாம் உலகப் போரின்போது விமானம் இறங்கப் போட்ட ஓடுதளம் அங்கே இருந்தது. போர் முடிந்ததும் விமானங்கள் போய்விட்டன. 1950-களில் அங்கே கார்கள் சீறின. அந்தப் பந்தயத்தைப் பார்க்க வெயிலில் ஆயிரம் ஆயிரமாய் ஜனங்கள் கூடினார்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் தனிப் பந்தயப் பாதை வந்த பிறகு அந்தக் கோலாகலம் அங்கே இடம் மாறியது.

சோழவரத்தில் ஓடியவை எல்லாம் சீமையிலிருந்து வந்த கார்கள் அல்ல. வெளிநாட்டுச் சாமான்களை இறக்குமதி செய்ய அப்போது ஏகப்பட்ட கட்டுப்பாடு. ஆகவே நம் ஊர்ப் பியட் காரையும், ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரையும் பிரித்து, இழைத்து, ராவிப் பந்தயத்துக்குத் தயார் செய்தார்கள். பந்தய கேம் ஷாப்ட் கடையில் கிடைக்காது. இருக்கிற கேம் ஷாப்டையே அரைக்கும் பட்டறைக்குக் கொண்டு போவார்கள்.

இந்த அரைப்பில் ஒரு தந்திரம் இருக்கிறது. மேட்டை உயரமாக்க முடியாது. இரும்பைத் தேய்க்கத்தான் முடியும், வளர்க்க முடியாது. ஆகவே மேட்டின் முனையைத் தொடாமல் விட்டுவிட்டு, மற்ற பக்கத்தைத் தேய்த்து வட்டத்தைச் சிறியதாக்குவார்கள். தரை தாழ்ந்தால் மேடு தானாக உயர்ந்துவிடுகிறது அல்லவா? அதே கணக்கு. ஆனால் வட்டம் சிறுத்த அளவுக்கு வால்வின் இடைவெளியை மறுபடி சரி செய்ய வேண்டும். அதை மறந்தவர் என்ஜினை ஓட்டியதும் 'டக டக' சத்தத்தைக் கேட்பார்.

ஹெரால்டு கார் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் தயாரானது. 1961-ல் இங்கே விற்பனைக்கு வந்தது. 948 சி.சி. என்ஜின். இதற்கும் இங்கிலாந்தில் ஒரு பந்தயத் தம்பி உண்டு. அதே குடும்பத்து என்ஜினைக் கொஞ்சம் பெரிதாக்கி, 1962-ல் 'ஸ்பிட்பயர்' என்ற ஸ்போர்ட்ஸ் காரில் வைத்தார்கள்.

இந்தக் குடும்பத்து என்ஜினில் டைமிங் வைக்க ஓர் அருமையான ஏற்பாடு இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

கால் பல் கணக்கு

சங்கிலி மாட்டும் சக்கரத்தில் முழுப் பல்லாகத்தான் நகர்த்த முடியும். சக்கரத்தில் நாற்பது பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பல் என்பது 9 டிகிரி. கேம் ஷாப்ட் 9 டிகிரி நகர்ந்தால், பெரிய தண்டின் கணக்கில் அது 18 டிகிரி! குடும்பக் காருக்கும் பந்தயக் காருக்கும் உள்ள வித்தியாசமே 11 டிகிரி என்று இருக்கும்போது, 18 டிகிரித் தாவல் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். இரண்டு மூன்று டிகிரிதான் நகர்த்த வேண்டுமென்றால் என்ன செய்வது?

ஹெரால்டு குடும்பத்து என்ஜினில் கேம் ஷாப்டின் பல்சக்கரத்தை மாட்ட நான்கு துளைகள் உண்டு. துளைகள் பற்களுக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் விலகி இருக்கும். தவறாகத் துளைத்ததல்ல, வேண்டுமென்றே செய்தது. சக்கரத்தைக் கழற்றிக் கால் சுற்றுத் திருப்பி மாட்டினால் அரைப் பல் நகரும். சக்கரத்தை முன்பின்னாகப் புரட்டி மாட்டினால் கால் பல் நகரும். புரட்டியதைக் கால் சுற்றுத் திருப்பினால் முக்கால் பல். ஒரு பைசா செலவில்லாமல் நான்கு நிலை! இதைக் கண்டுபிடித்த மூளைக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றுகிறது.

அம்பாசடர் குடும்பத்து என்ஜினில் இந்த வசதி இல்லை. அங்கே தண்டையும் சக்கரத்தையும் பிணைக்கும் அரை நிலா வடிவச் சின்ன இரும்புக் கட்டி ஒன்று இருக்கும். பட்டறையில் 'கீ' என்பார்கள். நேரான கீயை எடுத்துவிட்டு, படி வைத்தாற்போல் ஒதுங்கிய கீயைப் போட்டால், சக்கரம் ஒன்றிரண்டு டிகிரி விலகி உட்காரும்.

அடையாளப் புள்ளி அழிந்துபோன பழைய சக்கரமாக இருந்தால் என்ன செய்வது? ஹெரால்டு குடும்பத்துக்கு அதற்கும் வழி இருக்கிறது. முதல் பிஸ்டனையும் நான்காம் பிஸ்டனையும் மேல்முனைக்குக் கொண்டு வர வேண்டும். நான்காம் சிலிண்டரின் இரண்டு வால்வுகளுக்கும் ஆயிரத்தில் 40 பங்கு அங்குலம் இடைவெளி வைக்க வேண்டும். பிறகு கேம் ஷாப்டை மட்டும் மெல்லத் திருப்ப வேண்டும். புகை வால்வு மூடப் போகும், காற்று வால்வு திறக்கப் போகும் நேரம் ஒன்று வரும். இரண்டின் இடைவெளியும் ஒன்றுபோல் இருக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். தராசு முள் நடுவில் நிற்பது போல! அந்த நிலையில் சங்கிலியை மாட்டினால் டைமிங் சரி.

வயல் பம்பு செட்டின் டீசல் என்ஜினைப் பிரித்துப் பூட்டிப் பழகிய மெக்கானிக்குகள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். பல்லில் புள்ளி வைத்துப் புள்ளிக்குப் புள்ளி சேர்க்கும் வேலை அவர்களுக்குப் புதிதல்ல. புதுக்கோட்டை மாவட்டத்தில் ராயவரம், கடியாபட்டி போன்ற செட்டிநாட்டு ஊர்களில் பெரிய வீடுகளின் கொட்டகையில் சீமைக் கார்கள் நின்ற காலம் உண்டு. சீமைக் கம்பெனிகள் மூடிப் போய்விட்டன. புத்தகமோ ஆங்கிலத்தில். அப்படிப்பட்ட ஒரு காருக்கு இன்று உயிர் கொடுக்க வேண்டுமானால், கடைசியில் அது இப்படி ஒரு மெக்கானிக்கின் கையில்தான் வந்து நிற்கிறது.

மேல்முனை எங்கே?

எல்லாவற்றுக்கும் முதலில், மேல்முனை எது என்று சரியாகத் தெரிய வேண்டும். பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பது போலத் தோன்றும். ஊஞ்சல் உச்சிக்குப் போய்த் திரும்பும்போது ஒரு கணம் நிற்கிறதே, அதுபோல. தண்டு இரண்டு மூன்று டிகிரி சுற்றினாலும் பிஸ்டன் அசைந்தது தெரியாது. கண்ணை நம்பினால் மோசம் போவோம்.

ஆகவே ஒரு உபாயம் செய்கிறார்கள். தண்டின் முனையில் டிகிரி குறித்த வட்டத் தகடு ஒன்றை மாட்டுகிறார்கள். ஒரு கம்பியை முள்ளாக நிறுத்துகிறார்கள். பிஸ்டன் உச்சிக்குப் போக முடியாதபடி மேலே ஒரு தடையை வைக்கிறார்கள். தண்டை ஒரு பக்கமாகக் கையால் சுற்றினால் பிஸ்டன் தடையில் முட்டி நிற்கும். முள் 30 டிகிரி காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மறுபக்கமாகச் சுற்றினால் மறுபடி முட்டும். இப்போது 36 காட்டுகிறது. இரண்டையும் கூட்டினால் 66. பாதி 33. உண்மையான மேல்முனை இரண்டு இடத்துக்கும் நட்ட நடுவில், 33 டிகிரியில் இருக்கிறது. முள்ளை 3 டிகிரி நகர்த்தி வைத்தால் கணக்கு நேராகிவிடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் புரியும் கணக்கு!

வால்வு முழுவதும் திறக்கும் இடத்தையும் இப்படியே பிடிக்கிறார்கள். உச்சியைத் தேடாமல், உச்சிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே உயரத்தில் இரண்டு இடங்களைக் குறித்துக்கொண்டு நடுவை எடுக்கிறார்கள். முன்னே சொன்ன எம்.ஜி.ஏ. என்ஜினில் காற்று வால்வு மேல்முனையைத் தாண்டி 110 டிகிரியில் முழுவதும் திறக்க வேண்டும். அளந்து பார்த்தபோது ஒரு பக்கம் 104, மறுபக்கம் 122 என்று வந்தால் நடு 113. மூன்று டிகிரி தாமதம்! அதைத்தான் ஒதுங்கிய கீ போட்டுச் சரி செய்ய வேண்டும்.

இதில் ஒரு விசேஷம். அம்பாசடர் குடும்பத்துக் குடும்பக் காருக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தால் அதே 110 டிகிரிதான் வருகிறது! நடு மாறவில்லை, இரு கரையும்தான் அகன்றிருக்கின்றன. ஆகவே எந்த கேம் ஷாப்ட் என்று தெரியாமல் நடுவை மட்டும் அளந்து பார்த்துவிட்டு 'சரியாக இருக்கிறது' என்று சொல்லிவிட முடியாது.

சில டிகிரி முன்னே தள்ளி வைத்தால் என்ஜின் குறைந்த வேகத்தில் நன்றாக இழுக்கும். மேட்டில் ஏற சுகமாக இருக்கும். பின்னே தள்ளி வைத்தால் உச்ச வேகத்தில் பலம் கூடும்; தொடக்கத்தில் சோம்பும். நீண்ட ஓடுதளத்துக்கு ஒன்று, வளைவு நிறைந்த பாதைக்கு ஒன்று என்று பந்தய மெக்கானிக்குகள் மாற்றி வைப்பார்கள்.

அளக்கும்போது தண்டை எப்போதும் என்ஜின் ஓடும் திசையிலேயே சுற்ற வேண்டும். தாண்டிப் போய்விட்டால், கொஞ்சம் பின்னுக்கு வந்து நிறுத்திவிடக் கூடாது. கால் சுற்றாவது பின்னே போய், மறுபடி முன்னே வர வேண்டும். இல்லாவிட்டால் சங்கிலியின் தொய்வு கணக்கைக் கெடுத்துவிடும்.

களிமண் சோதனை

தவறினால் என்ன ஆகும்?

பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு கீழே நீட்டிக்கொண்டிருந்தால், இரண்டும் முட்டிக்கொள்ளும். டைமிங் முந்தினால் காற்று வால்வு முட்டும். பிந்தினால் புகை வால்வு முட்டும். வால்வு வளையும், பிஸ்டனில் ஓட்டை விழும். நிமிடத்துக்கு 6,000 சுற்றில், எம்.ஜி.ஏ. வால்வு திறந்து மூட எடுக்கும் நேரம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் 7 பங்கு. முட்டினால் தடுக்க யாருக்கு நேரம் இருக்கிறது? பல மாதம் பாடுபட்டுச் சேர்த்த என்ஜின், சாவியைத் திருப்பியதும் பழைய இரும்பாகிவிடும்.

சாதாரணக் கார்கள் சிலவற்றில் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் தாராளமாக இடம் இருக்கும். பந்தயத்துக்காக சிலிண்டர் ஹெட்டைச் செதுக்கி, உயர மேடு கொண்ட கேம் ஷாப்டையும் போட்டுவிட்டால் அந்த இடம் சுருங்கிவிடுகிறது. கேம் ஷாப்ட் தலைக்கு மேலே இருக்கும் என்ஜின்களில் இன்னொரு வம்பும் உண்டு. ஹெட்டைச் செதுக்கியதும் கேம் ஷாப்ட் கீழே இறங்குகிறது. சங்கிலியோ பெல்ட்டோ அந்த அளவுக்குத் தொய்கிறது. யாரும் தொடாமலே டைமிங் கொஞ்சம் பிந்திவிடுகிறது!

கோயம்புத்தூர் கரிவர்தன், மாருதி 800 காரின் 796 சி.சி. என்ஜினைக் கொண்டு ஒற்றை ஆள் பந்தயக் கார்களைச் செய்து கொடுத்தார். நம் இளைஞர்கள் குறைந்த செலவில் பந்தயம் பழக அவை வழி திறந்தன. அந்த என்ஜினும் தலைமேல் கேம் ஷாப்ட், பெல்ட் வகையைச் சேர்ந்ததுதான். 1995-ல் சிறு விமான விபத்தில் அவர் மாண்டது பந்தய உலகத்துக்குப் பேரிழப்பு. அதே கோயம்புத்தூரைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன் 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

இடம் போதுமா என்று பார்க்கத்தான் களிமண் சோதனை. பிஸ்டன் தலையில் களிமண்ணை அப்பி, லேசாக எண்ணெய் தடவி, ஹெட்டை மாட்டுகிறார்கள். என்ஜினைக் கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுகிறார்கள். பிறகு ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் வால்வு எவ்வளவு பதிந்தது என்பது மண்ணில் தெரியும். கத்தியால் அறுத்து, மெலிந்த இடத்தின் கனத்தை அளக்கிறார்கள். காற்று வால்வுக்கு 2 மில்லிமீட்டர், புகை வால்வுக்கு 2½ மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு.

புதுக்கோட்டைப் பக்கம் அய்யனாருக்கு மண் குதிரை செய்வார்கள். அந்த மண் வேண்டாம். மணல் கலந்திருக்கும், சிலிண்டரைக் கீறிவிடும். பிள்ளைகள் பொம்மை பிடிக்கும் மெழுகுக் களிமண்தான் இதற்கு ஏற்றது. குதிரைச் சக்தியை அளக்கும் வேலையில் குதிரை மண்ணுக்கு இடமில்லாமல் போனது பரிதாபம்தான்!

கையால் சுற்றும்போது எங்காவது தடுத்தால், முரட்டுத்தனமாக அழுத்தக் கூடாது. நிறுத்திவிட்டு, ஏன் என்று பார்க்க வேண்டும். அந்த ஒரு தடுப்பு ஆயிரக்கணக்கான ரூபாயை மிச்சப்படுத்தும்.

வீட்டுக் கார் வைத்திருப்பவர்களுக்கு

பந்தயக் கார் நமக்கெதற்கு என்று இருந்துவிட வேண்டாம். இன்று ஓடும் கார்கள் பலவற்றில் இரும்புச் சங்கிலிக்குப் பதில் ரப்பர் பெல்ட் இருக்கிறது. பெல்ட் வெளியே தெரியாது, மூடிக்குள் இருக்கும். இத்தனை கிலோமீட்டர் ஓடினால் மாற்ற வேண்டும் என்று கம்பெனிப் புத்தகத்தில் எழுதியிருக்கும். பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால், பல என்ஜின்களில் மேலே சொன்ன அதே முட்டல்தான் நடக்கும். பழைய கார் வாங்குபவர்கள் பெயிண்டையும் சீட்டையும் பார்ப்பார்கள்; பெல்ட் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்பவர் குறைவு. கேளுங்கள். உங்கள் காரில் பெல்ட்டா, சங்கிலியா என்பதையும் மெக்கானிக்கிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய கார்களில் 'வி.வி.டி.' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓடும்போதே கேம் ஷாப்டை முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ளும் அமைப்பு அது. 1980-ல் இத்தாலியின் ஆல்பா ரோமியோ கம்பெனி விற்பனைக் காரில் இதை முதலில் கொண்டு வந்தது. மெதுவாகப் போனால் குடும்பக் காரின் டைமிங். வேகமாகப் போனால் பந்தயக் காரின் டைமிங். எண்ணெய் அழுத்தமும் சின்னக் கம்ப்யூட்டரும் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன. மெக்கானிக் பல நாள் யோசித்து வைத்த மூன்று டிகிரியை அது கண் இமைக்கும் நேரத்தில் மாற்றிவிடுகிறது.

பழைய என்ஜினுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. வைத்தது வைத்ததுதான்.

எல்லாம் மாட்டி, எண்ணெய் ஊற்றி, என்ஜின் முதல் தடவை உயிர் பெற்றதும் அதை மெதுவாக ஓட விடக் கூடாது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். புதிதாக அரைத்த மேடும் அதைத் தொடும் உருளையும் ஒன்றோடொன்று பழக வேண்டும். மெதுவாக ஓடினால் மேட்டுக்குப் போதிய எண்ணெய் தெறிக்காது. சில நிமிடத்தில் மேடு தேய்ந்து மொட்டையாகிவிடும். ஆகவே நிமிடத்துக்கு 2,000 சுற்று அளவில், இருபது நிமிடம் நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். தண்ணீர் கொதிக்கிறதா, எண்ணெய் அழுத்தம் இறங்குகிறதா என்று ஒருவர் பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். அதன் பிறகு என்ஜினை ஆற விட்டு, வால்வு இடைவெளியை மறுபடி ஒரு தடவை அளந்து, அப்புறம்தான் ஸ்லோ வைக்க வேண்டும்.